'பௌமைஸ்டர்' என்ற ஜெர்மன் சொல்லை ஆங்கிலத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

'பௌ' என்றால் கட்டுமானம், 'மைஸ்டர்' என்றால் தொழிலில் தேர்ந்தவர். இந்த 'மைஸ்டர்' லத்தீன் 'மாகிஸ்டர்' வழியில் வந்தது. நம்ம ஊர் 'மேஸ்திரி' போர்த்துகீசிய 'மெஸ்த்ரே'யிலிருந்து வந்த சொல். அதற்கும் மூலம் அதே மாகிஸ்டர்தான்! கட்டட வேலை நடக்கும் இடத்தில் தினமும் கூப்பிடுகிற பெயருக்கு இவ்வளவு தூரத்து உறவு இருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். அன்றாடப் பேச்சில் அவர்கள் 'மாஸ்டர் பில்டர்' என்றே சொல்வார்கள். ஜெர்மன், ஆஸ்திரியக் கட்டடங்களைப் பற்றி எழுதும்போதுதான் பௌமைஸ்டர் வரும், பெரும்பாலும் சாய்வெழுத்தில். காரணம், அது வெறும் வர்ணனை இல்லை, ஒரு பதவி. கொலோன் பேராலயத்தைப் பாருங்கள். 1248இல் தொடங்கிய வேலை நடுவில் சில நூற்றாண்டுகள் நின்றுபோய், 1880இல்தான் முடிந்தது. இன்றும் அதன் கல்லையும் கண்ணாடியையும் பராமரிக்க 'டோம்பௌமைஸ்டர்' என்று ஒருவர் இருக்கிறார். ஆஸ்திரியாவிலோ, தேர்வு எழுதித் தேறியவர்தான் பௌமைஸ்டராகத் தொழில் நடத்தலாம். 'ஆர்க்கிடெக்ட்' என்று மொழிபெயர்த்தால் இதெல்லாம் போய்விடும்.

அப்புறம், பன்மை. ஜெர்மனில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம்தான். ஆங்கிலத்தில் கடைசியில் 'ஸ்' சேர்ப்பவர்களும் உண்டு. சேர்க்காமல் விடுவதே நல்லது என்பேன். ஓவியர் வில்லி பௌமைஸ்டர் போன்ற பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது குடும்பப் பெயர்.