ஆங்கில மர்மக்கதை எழுத்தாளர் பவுலா ஹாக்கின்ஸின் நாவல் 'தி ப்ளூ அவர்' முன்னும் பின்னும் போய்க் குழப்புகிறதே, எப்படிப் படிப்பது?

கேட்ட நீங்கள் ஐம்பது அறுபது பக்கம் தாண்டி டைரிப் பகுதியில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "இது எப்ப நடந்தது?" என்று பின்னால் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். நல்ல பழக்கம். அவருடைய முந்தைய நாவல் ஒன்றில் நான் புரட்டாமல் விட்டதால் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் சிவகாசி. ஒரு அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் பதினோரு வருஷமாக வேலை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

ஹாக்கின்ஸின் 'தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்' 2015-ல் வந்தது. அதற்கு முன் ஏமி சில்வர் என்ற புனைபெயரில் காதல் நகைச்சுவை நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தார். அவை போணியாகாமல், அப்பாவிடம் கடன் வாங்கிக்கொண்டு எழுதிய நாவல் இது. நான் வாங்கியது சென்னையில், நடைபாதையில், 120 ரூபாய்க்கு. கள்ளப்பதிப்புதான். அச்சுத் தொழிலில் இருந்துகொண்டு அதை வாங்கலாமா என்று பாயாதீர்கள். அந்த மாதச் சம்பளத்தில் அசல் பிரதி கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். அதற்கான தண்டனையும் கிடைத்துவிட்டது.

கதை தெரியும்தானே? ரேச்சல் குடிகாரி. வேலை போன பிறகும் தினமும் 8.04 ரயிலில் லண்டன் யூஸ்டனுக்குப் போய் வருகிறாள். குடித்த இரவுகளில் என்ன செய்தாள் என்று காலையில் அவளுக்கே ஞாபகம் இருக்காது. ரயில் ஜன்னல் வழியாக அவள் பார்க்கும் ஒரு வீட்டில் இருப்பவள் மெகன். ரேச்சல் பேசுவது 2013 ஜூலை 5-ல் தொடங்குகிறது, மெகன் பேசுவது 2012 மே 16-ல். மெகன் காணாமல் போய்விட்டாள் என்று நமக்குத் தெரிந்த பிறகும் மெகன் பேசிக்கொண்டிருப்பாள், பழைய தேதியில். அவளுடைய தேதி ஒவ்வொரு தடவையும் ஜூலையை நோக்கி நகர்ந்து வரும். பயம் அந்த நகர்தலில்தான் இருக்கிறது. நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

நான் படித்த பிரதியில் இதற்கு மேலும் ஒரு விசேஷம் இருந்தது. ஓரிடத்தில் வாக்கியம் பாதியில் நின்றது. அடுத்த பக்கத்தில் வேறு ஒரு வாக்கியத்தின் வால். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அறுப்பு. அசந்துபோனேன். குடிகாரியின் நினைவு அறுபடுவதை வாக்கியத்தையே அறுத்துக் காட்டுகிறாரே, என்ன துணிச்சல் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் பேச வேண்டிய முறை என்னுடையது. இருபது நிமிஷம் அந்த அறுபட்ட வாக்கியத்தைப் பற்றியே பேசினேன். காலத்தைக் கலைத்துப் போடுவதில் இவர் எல்லாரையும் தாண்டிவிட்டார் என்றேன். கைகூடத் தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா மட்டும் தன்னிடமிருந்த அசல் பிரதியைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்த எடம் எத்தனாவது பக்கம் தம்பி?"

"நூத்து நாப்பத்து நாலு டீச்சர். அந்தப் பக்கம் முடிஞ்சு, திருப்பினா நூத்து அறுபத்து..."

என் வாயாலேயே சொன்னேன். 144-க்கு அடுத்து 161. அது 176 வரை போய், அப்புறம் 145. பதினாறு பக்க ஃபாரம் ஒன்று, அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்பட்ட பக்கக் கட்டு, இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கிறது.

"தம்பி, நீங்க பைண்டிங்லதான வேல பாக்குறீங்க?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

இதில் எங்கள் தொழிலையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும். எல்லாவற்றையும் அடுக்கினால் படிக்கட்டு மாதிரி வரிசையாக இறங்க வேண்டும். ஒரு படி தவறினாலும் தள்ளி நின்று பார்ப்பவனுக்கே தெரியும். ஆனால் ஜனவரியில் புத்தகக் கண்காட்சி என்றால் டிசம்பர் கடைசியில் கொண்டுவந்து கொட்டி, நாளைக்கே வேண்டும் என்பார்கள். தள்ளி நின்று பார்க்க எங்கே நேரம்? புத்தகம் நன்றாக இருந்தால் மேடையில் எழுத்தாளர், பதிப்பாளர், அட்டை வரைந்தவர் எல்லாருக்கும் சால்வை. ஃபாரம் மாறினால் மட்டும் "எவன்யா பைண்டர்?" சரி, விடுங்கள்.

'தி ப்ளூ அவர்' 2024 அக்டோபரில் வந்தது. 'எ ஸ்லோ ஃபயர் பர்னிங்' வந்து மூன்று வருஷம் கழித்து. இந்தத் தடவை அசல் பிரதியே வாங்கினேன். ஸ்காட்லாந்துக் கடலோரம் எரிஸ் என்று ஒரு தீவு, அதில் ஒரே ஒரு வீடு. ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் கடல் ஏறி வழியை மூடிவிடும். அங்கே வாழ்ந்து இறந்த ஓவியர் வனெஸ்ஸா. அவர் செய்த சிற்பம் ஒன்று லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் காட்சிக்கு இருக்கும்போது, அதிலுள்ள எலும்பு மனித எலும்பாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். வனெஸ்ஸாவின் கணவர் இருபது வருஷம் முன்பு காணாமல் போனவர். இன்றைய கதை ஒரு பக்கம், வனெஸ்ஸாவின் டைரி இன்னொரு பக்கம்.

குழப்பம் என்கிறீர்கள். எனக்கு இது முந்தைய 'இன்டு தி வாட்டர்' அளவுக்குக் குழப்பவில்லை. அதில் பத்துப் பேருக்கு மேல் பேசுவார்கள், நான் பாதியில் வைத்துவிட்டேன். இதில் டைரி வரும்போதெல்லாம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வரியை எழுதியபோது வனெஸ்ஸாவுக்கு என்ன தெரியாது? தேதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் இரண்டு வரி எழுதி அங்கங்கே சொருகி வைப்பேன். எங்கள் ஊரில் காலண்டருக்கா பஞ்சம்? ரயில் நாவலின் வேகம் மட்டும் இதில் இருக்காது, மெதுவாகத்தான் ஏறும்.

அந்த 120 ரூபாய்ப் பிரதியை மறுநாளே வேலைக்கு எடுத்துப்போய் முதுகைப் பிரித்தேன். ஃபாரங்களைச் சரியாக அடுக்கி, பசை போட்டு, மூன்று பக்கமும் கட்டிங் கொடுத்தேன். கள்ளப்பதிப்பில் ஓரம் ஏற்கெனவே குறைவு. கத்தி இறங்கியதில் கீழே இருந்த பக்க எண்கள் எல்லாம் போய்விட்டன. இப்போது வரிசை சரியாகத்தான் இருக்கிறது, டீச்சரம்மாவிடம் காட்டி நிரூபிக்கத்தான் வழியில்லை.