சிக்கனமாகத்தான் இருக்கிறோம், ஆனாலும் கையில் எதுவும் நிற்கவில்லை

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆறு மாதமாக வெளியே சாப்பிடுவது, தின்பண்டம், துணிமணி எல்லாவற்றையும் குறைத்துவிட்டோம். அப்படியும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அவசரத்துக்குக் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறோம். "இது இப்போது எதற்கு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் சண்டைதான் மிச்சம். அன்றாடம் எளிதாகச் செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவரும் ஊதாரிகள் இல்லை. ஆறு மாதம் ஆசைகளைத் தள்ளிவைத்த குடும்பம் ஊதாரிக் குடும்பமாக இருக்க முடியாது. சிக்கனத்தில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு நாளும் மனதை அடக்கி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது ஒரு வகை. ஒரே ஒருநாள் உட்கார்ந்து ஒரு முடிவை எடுத்துவிட்டால், அதன் பிறகு நாம் நினைக்காமலேயே மாதாமாதம் மிச்சமாவது இன்னொரு வகை. நீங்கள் முதல் வகையிலேயே ஆறு மாதத்தைக் கழித்துவிட்டீர்கள். அது ஆளைச் சோர்வாக்கும், வீட்டில் சண்டையையும் கொண்டுவரும். இரண்டாவது வகைக்கு வருவோம்.

கிரெடிட் கார்டிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் அறிக்கையை எடுத்து மாத வட்டி எவ்வளவு என்று பாருங்கள். 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒன்றுமே கட்டாமல் விட்டால் இரண்டு ஆண்டுக்குள் கடன் இரட்டிப்பாகிவிடும். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால், 100 கடனுக்கு நீங்கள் கட்டும் 5-இல் 3 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 2 மட்டுமே. அதற்குள் புதிதாக எதையாவது வாங்கிவிட்டால் அந்த 2-உம் போச்சு. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பாக்கி இருக்கும்வரை, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா அவகாசம் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஆகவே கார்டை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இணையத்தில் வாங்கும் இடங்களில் அந்த எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள். வேறு எதிலாவது குறைந்த வட்டிக்குச் சேமிப்பு இருந்தால், ஒரு மாதச் செலவுக்கானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியால் இந்தக் கடனை அடையுங்கள். 42 சதவீதம் ஈட்டித் தரும் பாதுகாப்பான சேமிப்பு நமக்குக் கிடைக்காது.

சரி, அந்தக் கடன் ஏன் வந்தது? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. கணக்கைக் கொண்டுவந்து காட்டும் குடும்பங்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "இந்த மாதம் மட்டும் கொஞ்சம் கூடுதல் செலவாகிவிட்டது." பள்ளிக் கட்டணம் ஒரு மாதம், காப்பீட்டுத் தவணை ஒரு மாதம், வண்டி பழுது, உறவில் ஒரு விசேஷம், பல் மருத்துவர், பண்டிகை. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆனால் வரிசையாக வருகிறது. பன்னிரண்டு மாதத்தில் ஏதோ ஒன்று வராத மாதம் என்று இரண்டோ மூன்றோதான் இருக்கும். சம்பளத்தைப் பார்த்து நாம் போடும் மாதக் கணக்கில் இவை எதுவும் இருப்பதில்லை. தின்பண்டத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் விழுங்குவது இந்தச் செலவுகள்தான்.

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒதுக்குங்கள். கடந்த 12 மாத வங்கிக் கணக்கையும் கார்டு அறிக்கையையும் வைத்துக்கொண்டு, மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் தனியாக எழுதுங்கள். யார் செய்தது, ஏன் செய்தது என்ற பேச்சு அன்றைக்கு வேண்டாம். கூட்டி 12-ஆல் வகுங்கள். மொத்தம் 60,000 என்றால் மாதம் 5,000. இந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். தொடங்கும் ஆண்டில் மட்டும் ஒரு சிக்கல் வரும். காப்பீட்டுத் தவணைக்கு இன்னும் 4 மாதம்தான் இருக்கிறது என்றால் அந்தத் தொகையை 12-ஆல் அல்ல, 4-ஆல் வகுத்து ஒதுக்குங்கள். முதல் சில மாதம் இறுக்கமாக இருக்கும், அடுத்த சுற்றில் சரியாகிவிடும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள்.

தனிக் கணக்கு எதற்கு, மனதிலேயே ஒதுக்கி வைத்தால் போதாதா என்று தோன்றலாம். பணம் எல்லாம் ஒன்றுதான் என்றாலும் நம் மனது அதைத் தனித்தனி உண்டியலாகத்தான் பார்க்கிறது. 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் விளக்கிய விஷயங்களில் இதுவும் ஒன்று. "பள்ளிக் கட்டணம்" என்று பெயர் எழுதிய பணத்தில் கை வைக்க நமக்கே கூச்சமாக இருக்கும். பெயரில்லாத பணம் யாருக்கும் தெரியாமல் கரைந்துவிடும்.

அதே அறிக்கையில் சந்தாக்களும் தெரியும். யாரும் பார்க்காத ஒளிபரப்பு, யாரும் போகாத உடற்பயிற்சிக் கூடம், இலவச மாதம் முடிந்தும் நிறுத்த மறந்த செயலி. அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். தேவைப்பட்டால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

அப்புறம் மின்கட்டணம். பிள்ளைகள் விளக்கை அணைக்கவில்லை என்று கோபப்படாத வீடு இருக்காது. கணக்கைப் பார்த்தால் கோபம் இடம் மாறிவிடும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2000 வாட் வெந்நீர் ஹீட்டர் அரை மணி நேரத்திலேயே அதைத் தின்றுவிடும். அதே ஒரு யூனிட்டில் 9 வாட் எல்இடி பல்பு 111 மணி நேரம் எரியும். சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் மின்சாரத்தைக் குடிப்பவை, வெளிச்சம் அல்ல. குளிக்கும் நேரத்தை ஒட்டி ஹீட்டரைப் போட்டு உடனே அணைப்பது, துணியைப் பச்சைத் தண்ணீரில் துவைப்பது, ஏசியை இரண்டு டிகிரி ஏற்றி வைத்துக்கொண்டு கூடவே மின்விசிறியைப் போடுவது, இந்த மூன்றையும் செய்தாலே கட்டணத்தில் தெரியும். பழைய 60 வாட் குண்டு பல்பு இன்னும் இருந்தால் அதை மட்டும் மாற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜுக்கு 4 டிகிரியும் உறைபெட்டிக்கு மைனஸ் 18 டிகிரியும் போதும். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் கசிகிறது என்று அர்த்தம். 5 வாட் மட்டுமே இழுத்துக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருக்கும் ஒரு டிவி செட்-டாப் பெட்டிகூட ஆண்டுக்கு 44 யூனிட் எடுக்கும், ஆகவே சுவரிலேயே அணைப்பது நல்லது.

சமையலில், தண்ணீர் கொதித்துவிட்டால் தீயைக் குறைத்துவிடலாம். கொதிக்கிற தண்ணீர் தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது, ஆவியாகத்தான் போகும். மூடியும் போடுங்கள். தண்ணீர்க் கட்டணம் காரணமில்லாமல் கூடுகிறதென்றால் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் இழுக்காமலே கீழே நிறம் வந்தால் கசிவு இருக்கிறது.

கடையில் ஒரே ஒரு பழக்கம்: பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 400 கிராம் 100-க்கும் 750 கிராம் 195-க்கும் கிடைத்தால் பெரிய பொட்டலம் 100 கிராமுக்கு 26, சின்னது 25. பெரியது எப்போதும் மலிவு என்பது இல்லை. மலிவாக இருந்தாலும் பாதி கெட்டுப்போனால் அதுவும் நஷ்டம்தான். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் பட்டியல் எழுதுங்கள்.

சேமிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடன் அடைந்ததும் கேட்பீர்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. அடுத்த சம்பள உயர்வு வரும்போது, அதில் பாதியைச் சேமிப்புக்குத் திருப்புவது என்று இப்போதே இருவரும் முடிவெடுங்கள். தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதைத்தான் சோதித்தது. வருங்காலச் சம்பள உயர்வில் ஒரு பங்கை முன்கூட்டியே சேமிப்புக்கு ஒதுக்க ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு, 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. இன்னும் கைக்கு வராத பணம் என்பதால், அதை இழப்பாக மனது எளிதில் நினைப்பதில்லை.

கடைசியாகச் சண்டை. உங்கள் இருவருக்கும் மாதாமாதம் சமமாக ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. அவர் அதில் எதை வாங்கினாலும் நீங்கள் கேட்க வேண்டாம், நீங்கள் வாங்குவதை அவரும் கேட்க வேண்டாம். தொகை எவ்வளவு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. கடன் முடியும்வரை அது மிகவும் சின்னதாக இருந்தாலும் சரி, பூஜ்யமாக மட்டும் வைத்துவிடாதீர்கள். நிறுத்திய தின்பண்டத்தை அந்தப் பணத்திலிருந்து இந்த வாரமே வாங்கிக்கொள்ளலாம்.