கழுத்து உயர்ந்த சப்பாத்து கணுக்காலைக் காக்குமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு 15 வயது. பாடசாலை ரீமில் கூடைப்பந்து விளையாடுகிறான். இந்த வருடம் இரண்டு தரம் வலது கால் பிரண்டு வீங்கிவிட்டது. இரண்டாம் தரம் நடந்து 10 நாள்தான் ஆகிறது. கணுக்காலை மூடும் உயர்ந்த சப்பாத்து போட்டால் இனி வராது என்று கோச் சொல்கிறார். கனடாவில் இருக்கும் என் தம்பி வாங்கி அனுப்பத் தயாராக இருக்கிறார், ஆனால் விலை மிச்சம் கூட. உண்மையிலேயே அது உதவுமா? இன்னும் மூன்று கிழமையில் போட்டி இருக்கிறது, விளையாட விடலாமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சப்பாத்தின் கழுத்து உயரமாக இருப்பது மட்டும் உங்கள் மகனின் காலைக் காக்காது. அந்தக் காசில் ஒரு பங்கை லேஸ் கட்டும் கணுக்கால் பிரேசுக்கும் (கணுக்காலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் உறை), மிச்சத்தை அளவான ஒரு கூடைப்பந்துச் சப்பாத்துக்கும் செலவழியுங்கள். இவை இரண்டையும் விட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம்: இரண்டு தரம் பிரண்ட அந்தக் காலைத் திரும்பவும் பழக்கியெடுப்பது.

கால் எப்படிப் பிரள்கிறது என்று ஒருக்கால் பார்ப்போம். கணுக்காலின் வெளிப்பக்கத்தில், எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் மூன்று நார்கள் இருக்கின்றன. முன்னால் இருக்கும் நார்தான் மூன்றிலும் பலம் குறைந்தது. பந்துக்காக எம்பியவர் இறங்கும்போது விரல் நுனி கீழ்நோக்கி, பாதம் சற்றே உட்பக்கம் சாய்ந்து இருக்கும். அப்படியே இன்னொருவரின் பாதத்தின் மேல் இறங்கினால் உடம்பின் பாரம் முழுவதும் பாதத்தின் வெளிவிளிம்பில் விழும். முன்பக்க நார் கிழிவது அந்தக் கணத்தில்தான். காலின் வெளிப்பக்கத் தசைக்குச் செய்தி போய், அது இழுத்துப் பிடிக்க முன்னமே கால் மடங்கி முடிந்துவிடும். ஆகவே பாதம் தரையைத் தொட முன்பே அந்தத் தசை விறைத்துத் தயாராக இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது திரும்பவும் இதற்கு வருவேன்.

உயர்ந்த கழுத்து என்ற எண்ணம் பழையது. 1917 இல் வந்த கொன்வேர்ஸ் துணிச் சப்பாத்தே கணுக்காலை மூடித்தான் வந்தது. அன்றிலிருந்து கூடைப்பந்துச் சப்பாத்து என்றால் அந்த வடிவம்தான் கண்ணில் நிற்கிறது. அது காலைக் காக்கிறதா என்று 1993 இல் அமெரிக்காவில் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து விளையாடிய 622 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உயர்ந்த சப்பாத்து, ஒன்றுக்குத் தாழ்ந்த சப்பாத்து, மற்றதுக்குக் காற்று அடைக்கும் அறைகள் வைத்த உயர்ந்த சப்பாத்து. ஒரு பருவம் முழுக்க அதோடு விளையாடினார்கள். கணுக்கால் சுளுக்கியது மொத்தம் 15 தரம்: உயர்ந்ததில் 7, தாழ்ந்ததில் 4, காற்றறை வைத்ததில் 4. சொல்லக்கூடிய வித்தியாசம் எதுவும் இல்லை. 15 என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து உயர்ந்த சப்பாத்து கெடுதி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெரிய பாதுகாப்பு இருந்திருந்தால் அதன் சாயலாவது தெரிந்திருக்கும்.

ஆய்வுகூடத்தில் ஆளை நிற்க வைத்துக் காலைச் சரித்துப் பார்த்தால், உயர்ந்த கழுத்து அந்தச் சரிவைக் கொஞ்சம் குறைக்கிறது என்பதும் உண்மை. கோச் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2014 இல் வந்த ஓர் ஆய்வில், உயர்ந்த சப்பாத்து போட்டபோது காலைக் காக்கும் தசைகள் விழித்துக்கொள்ளக் கூடுதல் நேரம் எடுத்தன. ஒரு பக்கம் கிடைப்பது மறுபக்கம் போய்விடுகிறது. புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2008 இன் கடைசியில் கணுக்காலுக்குக் கீழே நிற்கும் தாழ்ந்த சப்பாத்தோடு அமெரிக்காவின் என்பிஏ தொழில்முறை ஆட்டங்களுக்கு இறங்கினார். அதன் பிறகு எத்தனையோ முன்னணி வீரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? அவுஸ்திரேலியாவில் 10,000 தடவைக்கும் மேற்பட்ட ஆட்டப் பங்கேற்புகளைக் கவனித்து 2001 இல் எழுதிய ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். 1000 பங்கேற்புக்கு 3.85 கணுக்கால் காயம். கிட்டத்தட்டப் பாதி, எம்பி இறங்கும்போது நடந்தவை. ஏற்கெனவே கணுக்காலில் அடிபட்டவருக்கு மற்றவரைவிட ஏறத்தாழ 5 மடங்கு ஆபத்து. ஆட்டத்துக்கு முன் தசையை இழுத்துத் தளர்த்தாதவருக்கு 2.6 மடங்கு. குதியில் காற்றறை வைத்த சப்பாத்து போட்டவருக்கு 4.3 மடங்கு. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து எல்லாக் காற்றறைச் சப்பாத்தும் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், அது அந்தக் காலத்துச் சப்பாத்துகளைப் பற்றியது. ஆனாலும் குதி உயர்ந்து மெத்தென்று இருந்தால் பாதம் தளம்பும் என்பதைக் கையில் பிடித்து அமத்திப் பார்த்தாலே விளங்கும். அந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. காயப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் யாரிடமும் போய்க் காட்டவில்லை. வீக்கம் வற்றியது, நோ போனது, திரும்பவும் இறங்கிவிட்டார்கள். இங்கும் நான் தினமும் காண்பது அதுதான்.

போன பருவத்தில் இதே வயதுப் பெடியன் ஒருவன் வந்தான். "எல்லாம் சுகம் சேர், ஓடுறன்" என்றான். வீக்கம் இல்லை, அமத்தினாலும் நோவில்லை. சப்பாத்தைக் கழற்றி, ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். இடது காலில் அரை நிமிடம் மரம்போல நின்றான். வலது காலை ஊன்றியவுடன் பெருவிரல் தரையைப் பிறாண்டத் தொடங்கியது. கணுக்கால் இடமும் வலமுமாய் நடுங்கியது. நாலு செக்கனில் கட்டிலைப் பிடித்துவிட்டான். அவன் முகத்தில் வந்த ஆச்சரியம் இன்னும் நினைவில் இருக்கிறது. நார் கிழியும்போது, பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய நரம்பு முனைகளும் சேர்ந்து பழுதாகின்றன. அதை எந்தச் சப்பாத்தும் திருப்பித் தராது. உங்கள் மகன் நோவில்லாமல் ஊன்றி நிற்கத் தொடங்கியதும், சுவரோரமாக நிறுத்தி இதைச் செய்து பாருங்கள். இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அவன் இரண்டாம் தரம் விழுந்த காரணம் பெரும்பாலும் அதுதான்.

திரும்பப் பழக்குவது கடினமில்லை. முதலில் கண் திறந்து ஒற்றைக் காலில் 30 செக்கன். பிறகு கண்ணை மூடி. பிறகு நின்றபடியே பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது, பந்தைத் தட்டுவது. அது பழகினால் மடித்த தலையணையின் மேல் நின்று அதையே செய்வது. கடைசியாக, சின்னதாக எம்பி ஒற்றைக் காலில் இறங்கி அசையாமல் நிற்பது. பல் தீட்டும்போது ஒரு காலில் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள். அமெரிக்காவில் உதைபந்தாட்டமும் கூடைப்பந்தும் விளையாடிய 765 பாடசாலைப் பிள்ளைகளிடம் இப்படியான சமநிலைப் பயிற்சியைச் சோதித்து 2006 இல் எழுதினார்கள். பருவத்துக்கு முந்திய நாலு கிழமை, கிழமைக்கு ஐந்து நாள். பருவம் தொடங்கிய பிறகு கிழமைக்கு மூன்று நாள், பத்தே நிமிடம். கணுக்கால் சுளுக்கின் ஆபத்து 38 வீதம் குறைந்தது. பாதம் தரையைத் தொட முன்னமே தசை தயாராக வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, இந்தப் பயிற்சி பழக்குவது அதைத்தான். முழு ரீமுக்குமே பயிற்சி தொடங்க முன் பத்து நிமிடம் இதைச் செய்ய வைக்கலாமா என்று கோச்சிடம் கேட்டுப் பாருங்கள்.

பிரேசைப் பற்றி. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 46 பாடசாலைகளைச் சேர்ந்த 1460 கூடைப்பந்துப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லேஸ் கட்டும் பிரேஸ் கொடுத்தார்கள். 2011 இல் முடிவு வந்தது. 1000 தடவை களம் இறங்கினால், பிரேஸ் போடாதவர்களுக்கு 1.41 கணுக்கால் காயம், போட்டவர்களுக்கு 0.47. மூன்றில் ஒன்று! முன்பு அடிபட்டவர், படாதவர் இருவருக்குமே உதவியது. ஆனால் பிரேசோடு அடிபட்டால் காயம் லேசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், அதில் வித்தியாசம் இருக்கவில்லை. "கணுக்காலைக் கட்டினால் முழங்கால் போய்விடும்" என்று மைதானத்தில் சொல்வார்கள். அந்த ஆய்வில் முழங்கால் காயங்கள் கூடவில்லை. என்பிஏ வீரர் ஸ்டீஃபன் கரிக்கு 2011, 2012 என்று அடுத்தடுத்த வருடங்களில் வலது கணுக்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் எத்தனை வருடம் பிரேசோடு விளையாடியிருக்கிறார் என்பதை மகனுக்கு எடுத்துக் காட்டுங்கள். பிரேஸ் போட வெட்கப்படும் பிள்ளைகளிடம் இது வேலை செய்கிறது.

பாமசியில் கிடைக்கும், காலுறைபோல இழுத்துப் போடும் இலாஸ்டிக் குழாய் வேறு, இது வேறு. அந்தக் குழாய் சூடாகவும் இதமாகவும் இருக்கும், பிரளும் காலை நிறுத்தாது. லேஸ் அல்லது குறுக்குப் பட்டிகளால் இறுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டும் பிளாஸ்ரர் பட்டி சுற்றுவதும் உதவும்தான், ஆனால் பழகிய கை வேண்டும், ஒவ்வொரு நாளும் புதிது வேண்டும். அதோடு எங்கள் வெயிலில் வியர்வை ஊறி அரை மணித்தியாலத்துக்குள் தளரத் தொடங்கிவிடும்.

சரி, சப்பாத்துக்கு வருவோம். கழுத்தை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் திறந்த சீமெந்துத் தளத்தில் விளையாடுகிறார்கள். சோளகக் காற்றுக் காலத்தில் அதன்மேல் மணலும் புழுதியும் படிந்திருக்கும். உள்ளரங்குக்குச் செய்த மென்மையான றப்பர் அடி சீமெந்தில் கெதியாகத் தேய்ந்துபோகும். தேய்ந்த அடியும் புழுதியும் சேர்ந்தால் சறுக்கும். வெளித்தளத்துக்கான கடினமான றப்பரும் ஆழமான வரிகளும் உள்ள சப்பாத்தாகத் தேடுங்கள். விளையாட முன் தளத்தைக் கூட்டுவதும் காயத் தடுப்பு வேலைதான். அடி பாதத்தைவிடச் சற்று அகன்று, தட்டையாக, குதி உயராமல் இருக்க வேண்டும். ஓட்டச் சப்பாத்து கூடாது. அது நேரே ஓடச் செய்தது, பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது அதன் உயர்ந்த குதியே காலைக் கவிழ்த்துவிடும். குதியைப் பிடிக்கும் பின்பகுதியைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள், அது மடங்கக்கூடாது. இப்போது போடும் சப்பாத்தை மேசையில் வைத்துப் பின்னால் நின்று பார்த்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வரும் சப்பாத்தில் ஒரு சிக்கல் உண்டு. வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக அனுப்புவார்கள். இங்கே இரண்டு சோடி காலுறை போட்டு நிரப்புவார்கள். உள்ளே பாதம் வழுக்கும். வெளியே சப்பாத்து நிற்க, உள்ளே கால் திரும்பும். உயர்ந்த கழுத்து இருந்தாலும் அதில் பயனில்லை. யாழ்ப்பாணத்திலேயே கடைக்குப் போய், பின்னேரத்தில், பிரேசையும் போட்டுக்கொண்டு அளவு பார்த்து வாங்குவது எவ்வளவோ நல்லது. மாமா காசை அனுப்பட்டும். உயர்ந்த கழுத்து மகனுக்குப் பிடித்திருந்தால் அதையே எடுங்கள், தீங்கு இல்லை. ஆனால் மேல் இரண்டு கண்ணுக்கும் லேஸ் கோக்காமல் திறந்து விடுவது பெடியன்களின் பழக்கம். அப்படிப் போட்டால் அது தாழ்ந்த சப்பாத்தேதான்.

இப்போது இருக்கும் காயத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அடிபட்ட நேரம் மகனால் நாலு அடி வைக்க முடிந்ததா? கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பு மொழிகளின் பின்விளிம்பில், கீழ் 6 சென்ரிமீற்றருக்குள் எலும்பை அமத்தினால் நோகிறதா? பாதத்தின் வெளிவிளிம்பின் நடுவில் துருத்தி நிற்கும் எலும்பில், அல்லது உட்பக்க வளைவின் மேலுள்ள எலும்பில் நோகிறதா? கனடாவின் ஒட்டாவாவில் 1992 இல் வகுத்த இந்தக் கேள்விகளை உலகம் முழுக்க வைத்தியர்கள் கேட்கிறார்கள். நடக்க முடியாவிட்டாலோ, இந்த எலும்புகளில் நோ இருந்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 15 வயதில் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் இருக்கலாம், அதில் அடிபட்டதும் சுளுக்குப் போலவே தெரியும். அதைப் பார்க்க முன் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதானாலும் எக்ஸ்ரேயோடு போங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் சூடு பிடிப்பதும் அழுத்தி உருவுவதும் வீக்கத்தைக் கூட்டும்.

மூன்று கிழமையில் போட்டி. திகதியை வைத்து என்னால் ஆம் என்று சொல்ல முடியாது. நோ இரண்டு கிழமையில் போய்விடும், கிழிந்த நார் பலப்பட ஆறு கிழமைக்கும் மேலாகும். ஆகவே காலையே கேளுங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதி எழாமல் முழங்காலைச் சுவரில் தொடச் சொல்லுங்கள். வலது பெருவிரல் சுவரில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடிகிறதோ, இடதிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது இரண்டு பக்கமும் சமனாக வேண்டும். வலது காலில் மட்டும் பத்துத் தரம் கெந்தி, பக்கவாட்டிலும் கெந்தி, நோவும் பயமும் இல்லாமல் இறங்க வேண்டும். பிறகு இரண்டு முழுப் பயிற்சி, பிரேசோடு, வெட்டித் திரும்பி, எம்பி இறங்கி. அடுத்த நாள் காலை வீக்கம் இருக்கக்கூடாது. இவை எல்லாம் சரி என்றால் இறக்குங்கள். ஒன்று தவறினாலும் இந்தப் போட்டிக்கு அவன் வாங்கிலில் இருக்கட்டும், கோச்சிடம் அதை நானே சொன்னதாகச் சொல்லுங்கள்.