ஏலத்தில் கையைத் தூக்குமுன்

செம்பூர் நண்பருக்கு: இரண்டு முதல் மூன்று லட்சம் என்று மதிப்பு போட்டிருக்கும் எண்ணெய் வண்ண ஓவியம், கையில் இரண்டரை லட்சம், அதுவரை ஏலம் கேட்கலாமா என்கிறீர்கள். கூடாது. ஏலம் முடிந்து சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. அதன்மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் உண்டு. 20 சதவீதம் என்று வையுங்கள், 2.5 லட்சம் 3 லட்சமாகிவிடும். கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, இன்னொரு 9,000. ஓவியத்துக்கான வரி, வண்டிக்கூலி எல்லாம் தனி. நானாக இருந்தால் 1.9 லட்சத்தில் கையை இறக்கிவிடுவேன்.

அப்புறம், படத்தை நேரில் பார்க்காமல் கேட்காதீர்கள். ஏலத்துக்கு முன் பார்வைக்கு வைப்பார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அடியுங்கள். பெயிண்ட் எழும்பி நிற்கும் விரிசல் அப்போதுதான் தெரியும். பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். கேன்வாஸில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் மும்பை மழையில் அது பரவும். மாதுங்காவில் நான் வாங்கிய ஒரு படம், முதல் ஜூலையிலேயே கரும்பழுப்பு நிறத்தின் மேல் விபூதி பூசியது போல ஆனது. மழை ஈரம் ஏறும் வெளிச்சுவரின் உள்பக்கத்தில் மாட்டியது என் தப்புதான்.

புற ஊதா டார்ச் கிடைத்தால் நல்லது. பிற்காலத்தில் பெயிண்ட் பூசிச் சரிசெய்த இடம் பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். படத்தில் எங்கெங்கே பழுது என்று சொல்லும் நிலை அறிக்கையை ஏல நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், இலவசமாகவே தருவார்கள். ஓவியர் உயிரோடு இருப்பவர் என்கிறீர்களே, படம் தன்னுடையதுதான் என்று அவர் கையெழுத்திட்ட சான்று உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.