கொம்பு வேண்டாம், கேடயம் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளி ஓவியப் போட்டிக்காக, அந்தக்கால வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளில் ஒரு வீரனை வரைந்திருக்கிறான். கொம்பு வைத்த தலைக்கவசம், உடம்பெல்லாம் இரும்பு, ஓங்கிய வாள். கொம்பு வெறும் கற்பனை என்று எங்கோ படித்த நினைவு. அப்படியானால் அவன் எதைத்தான் வரைவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நினைவு சரியே. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வட ஐரோப்பியப் பழங்கதைகளைத் தழுவிய, இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகம் அரங்கேறியபோது, உடைகளை வடிவமைத்த டெப்ளர் சில பாத்திரங்களுக்குக் கொம்பு வைத்தார். அந்த உருவம் உலகெங்கும் ஒட்டிக்கொண்டது. டென்மார்க்கின் வெக்ஸோவில் கொம்புள்ள தலைக்கவசங்கள் கிடைத்தது உண்மைதான். ஆனால் அவை வெண்கலக் காலத்தவை. வைக்கிங்குகளுக்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் மூத்தவை.

உண்மையான தலைக்கவசம் 1943இல் நார்வேயின் யெர்முண்ட்பு பண்ணையில் துண்டு துண்டாகக் கிடைத்தது. நான்கு இரும்புத் தகடுகளைப் பட்டைகளால் இணைத்த கிண்ணம். உச்சியில் சிறிய கூர். கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல ஒரு வளைவு. அதே புதைகுழியில் இரும்பு வளையங்களால் பின்னிய சட்டையும் இருந்தது. இரண்டும் செல்வந்தனின் உடைமைகள். அப்படியொரு சட்டைக்கு ஆயிரக்கணக்கான வளையங்களை ஒவ்வொன்றாகக் கோத்து மூட வேண்டும். வடவர் எனப்பட்ட வைக்கிங்குகளுக்குக் கவசமோ ஆயுதமோ கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று, இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்கிய மன்னர் சார்ல்ஸ் 864இல் ஆணையிட்டார் என்றால், அவற்றின் மதிப்பை எண்ணிப் பாருங்கள்.

நல்ல வாளும் எளிதில் கிடைக்கவில்லை. 'உல்ஃப்பெர்ட்' என்ற பெயர் பொறித்த வாள்கள் ஐரோப்பாவில் சுமார் 170 கிடைத்திருக்கின்றன. அந்தப் பெயரே பிராங்கிய நாட்டுப் பெயர், வைக்கிங்குகளுடையது அல்ல. சாதாரண வீரன் ஈட்டியைத்தான் நம்பினான். இல்லாவிட்டால், வீட்டில் விறகு பிளந்த கோடரி.

ஆனால் என் மனம் திரும்பத் திரும்பக் கேடயத்திடம்தான் போகிறது. 1880இல் நார்வேயில் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் என்ற வைக்கிங் கப்பலில் பக்கத்துக்கு 32 வீதம் 64 கேடயங்கள் இருந்தன. மஞ்சளும் கறுப்பும் மாறி மாறிப் பூசியவை, ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த அகலம். மெல்லிய மரப்பலகைகள். நடுவில் ஒரு துளை, அதன் குறுக்கே கைப்பிடி, பிடித்த முஷ்டியைக் காக்க வெளியே ஓர் இரும்புக் குமிழ். அவ்வளவுதான். கனம் இல்லாததால் வீசித் தடுக்கலாம், இடிக்கலாம். அதனாலேயே சீக்கிரம் பிளந்தும் போகும். ஒற்றைக்கு ஒற்றை மோதலில் ஆளுக்கு மூன்று கேடயங்கள் என்ற விதியை ஐஸ்லாந்தின் பழங்கதை ஒன்று சொல்கிறது. கம்பளிச் சட்டையோடு, ஒரு விரல் கனம்கூட இல்லாத பலகைக்குப் பின்னால் கோடரியை எதிர்கொண்டு நின்றவனை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

உங்கள் மகன் அவனையே வரையட்டும். தலைக்கு மேல் உயர்ந்த ஈட்டி, மஞ்சள் வட்டக் கேடயம். அதன் விளிம்பில் ஓரிரு வெட்டுக் காயங்களையும் காட்டச் சொல்லுங்கள்.