நெல்லைப் பக்கம் காலை நடையில் பறவைகளைப் படம் எடுக்க எங்கே போகலாம், எப்படி எடுக்கலாம்?

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குளத்துக்கே போங்கள். நம் ஊரில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால், பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான். காலையில் கரைமேல் நின்றால் வெயில் உங்கள் முதுகில். தண்ணீரில் நிற்கும் பறவைமேல் வெளிச்சம் நேராக விழும். இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. சாயங்காலம் அதே இடத்தில் வெயில் கண்ணில் அடிக்கும்.

வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒரு படி குறையுங்கள். இல்லாவிட்டால் இறகின் வரிகள் எல்லாம் வெள்ளையாகக் கரைந்துவிடும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி வேண்டும். அசையாமல் நிற்பதற்கு 1/500 போதும்.

அப்புறம் நாங்குநேரிப் பக்கம் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகினால், ஜனவரி வாக்கில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டோரக் கருவேல மரங்களிலேயே கூடு கட்டும். குளத்தில் வரித்தலை வாத்துகளையும் தேடிப் பாருங்கள். இமயத்தைத் தாண்டி வருபவை. பறவைகள் கூடும் இன்னொரு ஊரான திருப்புடைமருதூரில், தாமிரபரணி ஆற்றங்கரை மருத மரங்களை அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள். தாய் எழுந்து பறந்துவிட்டால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காகம் கொத்திக்கொண்டு போகும். தூரம் அதிகமென்றால் மரத்தோடு சேர்த்து எடுங்கள், அதுவும் நல்ல படம்தான்.