ஹரோவில் வீட்டுப் பலகாரத் தொழில்: புதிதாக வந்த தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து கணவரின் வேலை விசாவில் லண்டனின் ஹரோவுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், வீட்டில் சமைத்து விற்பதற்கு எதிலிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் 2017 இல் இதே ஊரில், இரண்டு அறை வாடகை வீட்டில் தொடங்கியவள். சோற்றுப் பார்சலை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, முறுக்கு, பயற்றம் பணியாரம் போன்ற உலர் பலகாரங்களில் தொடங்குங்கள் என்பதே என் பதில்.

சோறு வெந்த பிறகும் அதில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் அழியாமல் இருக்கக்கூடும். பானையை அடுப்படியிலேயே நெடுநேரம் விட்டால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சோறும் கறியும் விற்பவர் அவற்றை 63 பாகைக்குக் குறையாத சூட்டில் வைத்திருக்க வேண்டும், அல்லது விரைவாக ஆறவைத்து 8 பாகையைத் தாண்டாத குளிரில் வைத்திருக்க வேண்டும். வீட்டுப் பாலும் மீனும் நிறைந்த ஒரே பிரிட்ஜில் முப்பது பார்சலுக்கு இடம் எங்கே? முறுக்குக்குக் காற்றுப்புகாத டின் போதும்.

தொழிலை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். துணைவராக வந்த உங்களுக்குச் சுயதொழில் செய்ய அனுமதி உண்டு. உங்கள் கணவரின் விசாவில் அப்படிப் பக்கத்தொழில் தொடங்க முடியாது. வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். விற்பனை தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்பே உணவுத் தொழிலாக உள்ளூர்க் கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்குக் கட்டணமும் இல்லை, மறுப்பும் இல்லை. பிறகு சுகாதார அதிகாரி வந்து பார்த்து 0 முதல் 5 வரை தரப்புள்ளி இடுவார். என் வீட்டுக்கு வந்தவர் அடுப்பைப் பெரிதாகப் பார்க்கவில்லை. பிரிட்ஜில் வெப்பமானியை வைத்தார், கை துடைக்கும் துணியைக் கேட்டார், பின்னர் சமையலறை மூலையிலிருந்த உடுப்புத் தோய்க்கும் மெஷினைக் காட்டி, "சமைக்கும் நேரத்தில் இது ஓடுமா?" என்றார். ஓடாது என்று சொல்லி, அன்றிலிருந்து ஓடவிடாமலும் பார்த்துக்கொண்டேன்.

என்னை உண்மையில் உலுக்கியது லேபிள்தான். ஒரு தாய் தன் மகனுக்குக் கோதுமை ஆகாது என்று சொல்லி முறுக்கைப் பற்றி விசாரித்தார். அரிசி மாவும் உழுந்தும்தான், பயமில்லாமல் கொடுங்கள் என்றேன். இரவு டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், பெருங்காயத்தூளில் கோதுமை மா! உடனே தொலைபேசியில் அழைத்தேன். நல்லவேளை, பையன் இன்னும் வாய் வைக்கவில்லை. இங்கே கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. நாம் நினைக்காமலே தாளிக்கும் கடுகும், உருண்டை பிடிக்கும் எள்ளும் அவற்றில் அடங்கும். எள் கலந்த பாணை உண்டு 2016 இல் இறந்த பதினைந்து வயது நட்டாஷாவின் பெயரால் வழங்கும் சட்டம் 2021 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. விற்குமிடத்திலேயே முன்கூட்டிப் பொதி செய்யும் உணவிலும் சேர்மானங்கள் முழுவதையும் எழுதி, இந்தப் பொருட்களைத் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும் என்கிறது அது. உங்கள் டப்பாக்கள் ஒவ்வொன்றின் பின்புறத்தையும் வாசித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிராண்ட் மாற்றினால் மறுபடியும் வாசியுங்கள்.

விலையில் நானும் ஏமாந்தேன். முதல் மாதம் ஒரு நாளில் 24 பைக்கற், ஒன்று 2.50 பவுண் என 60 பவுண் கிடைத்தது. எண்ணெய், மா, பை எல்லாமாக 22 பவுண் போக 38 மிஞ்சியது. பெரிய லாபம் என்று மகிழ்ந்தேன். ஆறு மணி நேரம் நின்றதைக் கணக்கிட்டபோது மணிக்கு 6.33 பவுண்தான் வந்தது. அப்போது 25 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்ச ஊதியமே 7.50. அடுத்த வாரம் விலையைக் கூட்டினேன். முகம் சுளித்தவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள்.

வரி ஆண்டு ஏப்ரல் 5 இல் முடியும். அந்த ஆண்டின் மொத்த விற்பனை, லாபமல்ல, 1,000 பவுணைத் தாண்டினால் அடுத்து வரும் ஒக்ரோபர் 5 க்குள் வரித் திணைக்களத்தில் சுயதொழிலாளராகப் பதிய வேண்டும். பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வாருங்கள்.

மிளகாய்த்தூளும் விற்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். மிளகாய் வறுக்கும் நாளில் மேல் மாடிக்காரர் இருமிக்கொண்டே வந்து கதவைத் தட்டுவார், புகை அலாரமும் கத்தும். அதை இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள்.